ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்ட எந்தப் புத்தகம்? கடையில் நின்றபடியே சோதித்து எடுக்கும் முறை

ஒன்றாம் வகுப்புக் குழந்தை தானாகப் படிக்கும் புத்தகம் வேறு, நாம் அதற்கு வாசித்துக் காட்டும் புத்தகம் வேறு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஜூன் மாதம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளை ‘பட்டம்’, ‘மரம்’ என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஏற்றாற்போல நாமும் ‘இது மரம், அது பழம்’ புத்தகத்தை எடுத்து வாசித்தால் மூன்றாம் பக்கத்தில் கொட்டாவிதான். அந்தப் பிள்ளையின் காது, கண்ணைவிட மூன்று வருஷம் பெரியது. வீட்டில் நடக்கும் சண்டை, தெருமுனைக் கேலி, தாத்தா சொன்ன பேய்க்கதை எல்லாம் அதற்குப் புரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் இருக்கின்றன. இங்கே தேடுவது காதுக்கான புத்தகம்.

வட சென்னையில் வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ மாலை நேர வகுப்பு எடுக்கும் தன்னார்வலர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர், வீட்டில் பிள்ளைக்கு வாசிக்க நினைக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம்.

படி 1: முதலில் இடத்தைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள்? கடைசி வரிசை எத்தனை அடி தள்ளி? வெளியே என்ன சத்தம்?

எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்தில் இருக்கும் அறையில் கன்டெய்னர் லாரி போகும்போது அரை நிமிஷம் எதுவும் கேட்காது. கொருக்குப்பேட்டை ரயில் பாதைப் பக்கமும் அதே கதிதான். அப்படிப்பட்ட இடத்தில் ‘காற்று மெல்ல வீசியது, இலைகள் மெல்லச் சிரித்தன’ என்று போகும் மென்மையான புத்தகம் எடுபடாது. படமே கதையில் பாதியைச் சொல்ல வேண்டும். கூடவே, எத்தனை பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். வட சென்னையில் ஒரு வகுப்பில் ஐந்தாறு பேராவது அப்படி இருப்பது சகஜம். அவர்களுக்கும் படம்தான் பிடிமானம்.

படி 2: சொற்களை எண்ணுங்கள்

16 முதல் 24 பக்கம், மொத்தம் 250 முதல் 500 சொற்கள். இதுதான் நல்ல அளவு. நடுவில் உள்ள ஒரு பக்கத்தின் சொற்களை எண்ணி, எழுத்து இருக்கும் பக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள், கணக்கு வந்துவிடும். நிறுத்தி, படம் காட்டி வாசித்தால் நிமிஷத்துக்கு 60 முதல் 80 சொற்களுக்கு மேல் போகாது. 400 சொல் கதைக்கு ஐந்தாறு நிமிஷம். பிள்ளைகள் நடுவில் புகுந்து பேசுவதற்கு இன்னொரு ஐந்து நிமிஷம். அதோடு அவர்கள் பொறுமை தீர்ந்தது.

ஒரு பக்கத்துக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் இருந்தால், அதை வாசித்து முடிக்கும் வரை பிள்ளைகள் ஒரே படத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்துப் பையன் கையைக் கிள்ளுவது ஆரம்பிக்கும்.

படி 3: வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்

கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, மூன்று பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். மற்ற எல்லாச் சோதனையையும் விட இது முக்கியம். கண்ணால் பார்க்கும்போது சரியாகத் தோன்றும் வாக்கியம் வாயில் வந்ததும் பல்லில் மாட்டும்.

மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் இப்படிப்பட்ட வாக்கியம் நிறைய வரும்: ‘தன் தாயால் கொடுக்கப்பட்ட சிவப்பு நிறத் தொப்பியை அணிந்திருந்த குட்டிக் கரடி காட்டை நோக்கி நடக்கத் தொடங்கியது.’ இலக்கணத்தில் பிழை கிடையாது. ஆனால் எண்ணிப் பாருங்கள், கரடி ஒன்பதாவது சொல்லாகத்தான் வருகிறது. அதுவரை தாய், தொப்பி, சிவப்பு எல்லாவற்றையும் யாருடையது என்றே தெரியாமல் பிள்ளை மனசில் தூக்கிச் சுமக்க வேண்டும். தமிழில் அடைமொழி முன்னால் அடுக்கிக்கொண்டே போகும், ஆள் கடைசியில் வருவார். பெரியவர்களால் காத்திருக்க முடியும், ஐந்து வயதுக் காதால் முடியாது. ‘கொடுக்கப்பட்ட’ போன்ற ‘பட்ட’ வேறு அதற்குப் பழக்கமே இல்லை.

அதே விஷயம் இப்படி இருந்தால்: ‘குட்டிக் கரடிக்கு அம்மா ஒரு தொப்பி கொடுத்தது. சிவப்புத் தொப்பி! அதைப் போட்டுக்கொண்டு குடுகுடுவென்று காட்டுக்கு ஓடியது.’ கரடி முதலில் வந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மூச்சில் முடிகிறது. ‘குடுகுடு’ என்றதும் பிள்ளைகளின் கால் தானாக ஆடும். தடதட, மொறுமொறு, சலசல போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் புத்தகத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘இது என் இடம், நீ போ!’ மாதிரி ஒரு வரி நாலு தடவை வந்தால், மூன்றாவது தடவை வகுப்பே சேர்ந்து கத்தும். நீங்கள் நிறுத்தினால் போதும்.

அடுத்தது பேச்சு வழக்கு. கதை சொல்லும் வரிகளைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள், எழுத்துத் தமிழ் காதில் ஏறுவதே அப்படித்தான். உரையாடலை மட்டும் பேச்சாக்கலாம். மீன் விற்கும் ஆயா ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் காசிமேட்டுப் பிள்ளைகளே சிரிப்பார்கள். ‘இன்னா வோணும் உனக்கு?’ என்று வாசித்துப் பாருங்கள், முதுகு நிமிரும். ஆனால் அளவோடு. ஒவ்வொரு வரியிலும் ‘இன்னா’ போட்டால், அவர்கள் வீட்டுப் பேச்சை நாம் நக்கலடிக்கிற மாதிரி ஆகிவிடும். ஆகவே உரையாடல் அதிகமாக உள்ள புத்தகமே வாசிப்பவருக்கு லாபம், விளையாட இடம் கிடைக்கும்.

படி 4: எட்டு அடி தள்ளி நில்லுங்கள்

புத்தகத்தை யாரையாவது பிடிக்கச் சொல்லி எட்டு அடி பின்னால் போய்ப் பாருங்கள். முக்கியமான பாத்திரம் எது, என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். ஏ4 அளவுக்குக் குறைந்த புத்தகம் பத்துப் பேருக்கு மேல் உதவாது. பளபளப்பான தாள் டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னும், ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் படமே தெரியாது. சற்றுச் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். பசை போட்டு ஒட்டிய புத்தகம் முழுதாக விரியாது. நடுவில் இருக்கும் பூனையின் முகம் மடிப்புக்குள் போய்விடும். அழுத்தி விரித்தால் பத்து நாளில் தாள் கழன்று வரும். நடுவில் பின் அடித்த புத்தகமே நல்லது.

படத்தில் உள்ளது உண்மையாக இருக்கட்டும். மீன் கதை என்றால் இதை விடவே விடாதீர்கள். எழுத்தில் ‘வஞ்சிரம்’ என்று போட்டுவிட்டுப் படத்தில் தொட்டி மீனை வரைந்திருந்தால், மீன்பிடித் துறைமுகத்துப் பிள்ளைகள் கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ‘இது வஞ்சிரமே இல்ல மிஸ்’ என்ற வழக்கு அன்றைக்கு முடியாது.

பனிமலை, ஓநாய் வரும் கதையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பார்க்காத பொருள் ஒரு புத்தகத்தில் இரண்டு மூன்றுக்குள் இருந்தால் படம் காட்டியே கடந்துவிடலாம். பத்து இருந்தால் கதை பாடமாகிவிடும்.

படி 5: கடைசிப் பக்கத்தையும் அச்சுப்பிழையையும் பாருங்கள்

‘நீதி:’ என்று தடித்த எழுத்தில் முடிந்தால் வாசிக்கும்போது அந்த வரியை விட்டுவிடுங்கள். அதற்காக நல்ல கதையை ஒதுக்க வேண்டாம். ஆனால் கறுப்பு நிறம் என்றாலே அரக்கன், குண்டாக இருந்தாலே முட்டாள், செருப்பு தைப்பவர் என்றாலே அழுக்கு என்று வரும் புத்தகத்தைக் கீழே வையுங்கள். கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த நிறத்திலும் அந்த வீடுகளிலும் இருக்கிறார்கள்.

பத்துப் புத்தகம் சேர்த்து நடைபாதையில் மலிவாக விற்கும் செட்டுகளில் அச்சுப்பிழைதான் பெரிய தொல்லை. ‘பூவின் மனம் வீசியது’ என்று அச்சாகியிருக்கும், அது ‘மணம்’. வாசித்துக்கொண்டே போகும்போது நாக்கு இடறும். இரண்டு பக்கத்தில் இரண்டு பிழை கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.

படி 6: எங்கே கிடைக்கும்

காசு செலவில்லாமல் ஆரம்பிக்க, குழந்தைகள் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் போதும். தமிழ்க் கதைகளை நிலை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தாராளமாக இறக்கி அச்சடிக்கலாம், உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை. ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்ட இரண்டாம் நிலையில் தேடுங்கள். முதல் நிலை, பிள்ளைகள் தாங்களே படிக்கப் பழகுவதற்கு. மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும், படி 3ஐத் தவிர்க்காதீர்கள்.

வாங்குவதென்றால் சென்னையிலேயே உள்ள துளிகா பதிப்பகம், பாரதி புத்தகாலயம், அவை தவிர நேஷனல் புக் டிரஸ்ட். ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பழைய புத்தகக் கடைகளிலும் நல்லது சிக்கும். 1985 தீ விபத்துக்கு முன் மூர் மார்க்கெட்டில் தேடிய பழக்கம் இன்னும் ஊரில் இருக்கிறது. ஒன்று மட்டும் பாருங்கள்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். நீங்கள் வாசித்துவிடுவீர்கள். ஆனால் மடியில் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டும் பிள்ளை, துதிக்கை வைத்த ‘லை’யைப் பார்த்துத் திகைக்கும். முன்வரிசையில் உட்காருபவருக்கு அது வேண்டாம்.

படி 7: முதல் ஐந்து

ஆரம்பத்துக்கு ஐந்து போதும். இரண்டு சிரிப்புக் கதை, ஒன்று திரும்பத் திரும்ப வரும் வரி உள்ளது, ஒன்று நிஜ உலகத்தைப் பற்றியது (நண்டு, ரயில், மழைநீர் எதுவானாலும்), ஒன்று கொஞ்சம் பயமுறுத்துவது. ஒரு வாரத்துக்கு ஒரே புத்தகத்தை மூன்று முறை வாசியுங்கள். முதல் நாள் கதை, இரண்டாம் நாள் படம், மூன்றாம் நாள் அவர்களே சொல்லுவார்கள்.

வகுப்பு கலைந்தால் எந்தப் பக்கத்தில் கலைந்தது என்று பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கத்தில் எழுத்து அதிகம், இரண்டு வரியை விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் என்றால் புத்தகத்தில் கோளாறு இல்லை, நேரம்தான் தப்பு. சத்துணவுக்கு முந்தைய கால் மணி நேரத்தில் எந்தக் கதையும் நிற்காது.