பழைய பாணி நகைக்கு டிசைன் வேண்டுமா? சிலையின் முதுகைப் பாருங்கள்

கையால் நகை செய்கிறவர்கள் தஞ்சாவூர் பக்கம் போனால், பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கோயிலில் உற்சவர் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருப்பார். இங்கே சோழர் கால வெண்கலச் சிலைகளின் நகைகளை அப்படியே பார்க்கலாம்.

முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். முடிந்தவரை பக்கவாட்டிலும் பின்னாலும் எட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் வட்டத் தகடு போல இருக்கும் சிரச்சக்கரம், கழுத்தணியிலிருந்து முதுகில் தொங்கும் குஞ்சம் எல்லாம் அங்கேதான். சிரச்சக்கரத்தைச் சின்னதாக்கினாலே ஒரு பதக்கம் தயார். நடராஜரின் காதுகளையும் கவனியுங்கள்: வலக்காதில் மகர குண்டலம் (மகரம் என்ற புராண விலங்கின் வடிவில் உள்ள காதணி), இடக்காதில் தோடு. ஜோடி சேராத கம்மல் இப்போது வந்த ஃபேஷன் என்று யார் சொன்னது!

படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். எடுத்தாலும் ஃப்ளாஷ் வேண்டாம், வேலைப்பாடு தட்டையாகத் தெரியும். எனக்கு பென்சில்தான் வசதி. முழு நகையையும் வரைய வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வரும் ஒரு மணியோ இதழோ போதும். அதன் பக்கத்திலேயே நீங்கள் அதை எதில் செய்யப் போகிறீர்கள், டெரகோட்டாவா, பித்தளைக் கம்பியா என்றும் குறித்துவிடுங்கள். ஊர் திரும்பினால் அது மறந்துபோகும்.