பால் கொடுக்கும்போது மனநல மாத்திரை: நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

மனநல மருத்துவர் என்பதால் கைக்குழந்தையோடு வரும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களும் சரி, அவர்களுக்கு முதன்முதலாக மருந்து எழுதும் இளம் மருத்துவர்களும் சரி, முன்பு வந்தவர்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். நேரத்துக்கு மாத்திரை போடுவது, அட்டையைப் பத்திரமாக வைப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

பிரசவமான கையோடு மாத்திரையை நிறுத்துவது

கர்ப்பம் முழுக்க செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்த ஒரு பெண். டிஸ்சார்ஜ் ஆகும்போது வார்டில் யாரோ, "பால் கொடுக்கறீங்களே, இந்த மாத்திரையெல்லாம் இனி வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார்கள். தாய்வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பச்சை உடம்புக்காரி, பத்தியம் இருக்கிறாள், இதில் மாத்திரை வேறா என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது குழந்தை தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் இல்லை. "நான் இல்லாட்டி இவன் நல்லா வளருவான் டாக்டர்" என்றார்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். ஆனால் இந்த வகை மருந்து பலன் தர இரண்டு, நான்கு வாரம் ஆகும். அதற்குள் பால் சுரப்பு குறைந்து, குழந்தை பவுடர் பாலுக்கு மாறிவிட்டது. எந்தப் பாலுக்காக மாத்திரையை நிறுத்தினார்களோ அந்தப் பாலும் போயிற்று. இப்படி ஒருவர் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முழுக்க முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் இது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயிற்றில் இருந்தபோது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போன மருந்தைவிட, பால் வழியாகப் போவது மிகக் குறைவு. இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. தாய் தன் எடையில் கிலோவுக்கு எடுக்கும் அளவை 100 என்று வைத்துக்கொண்டு, குழந்தைக்கு அதன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள். 10க்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கலாம். செர்ட்ராலினுக்கு இது சுமார் 2 அல்லது அதற்கும் கீழேதான். அதே வகையைச் சேர்ந்த ஃப்ளூவோக்செடின் இதைவிட அதிகமாகப் போகும், உடம்பில் அதிக நாள் தங்கும். அதற்காக, அதில் நன்றாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தன்று அவசரமாக மாற்றுவதும் சரியில்லை. மாற்ற வேண்டுமானால் கர்ப்பத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் "பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்" என்று போட்டிருப்பதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுதும் வரி. உங்கள் மருத்துவர் 'லாக்ட்மெட்' தளத்தில் அந்த மருந்தைத் தேடிப் பார்க்கட்டும். பாலூட்டும்போது எடுக்கும் மருந்துகளைப் பற்றிய தகவல் தளம் அது. அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலக இணையதளத்தில் இருக்கிறது, இலவசம்.

பைபோலார், அதாவது மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய், உள்ளவர்கள் தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் 1,000 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே. பைபோலார் இருந்தால் வாய்ப்பு பல மடங்கு. தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, காரணமில்லாத சந்தேகம், குழந்தையைப் பற்றி விபரீதமான பேச்சு என்று தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, 108. காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள். தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது.

எல்லா மாத்திரையும் ஒன்றுதான் என்று நினைப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எதையும் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பைபோலாருக்குத் தரும் லித்தியம் பாலில் கணிசமாகப் போகும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றினால் அது ரத்தத்தில் ஏறிவிடும். அதனால் லித்தியத்தில் இருந்தால் பால் வேண்டாம் என்பவர்களே அதிகம். கொடுப்பதானால் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை நடந்துகொண்டே இருக்க வேண்டும். தீவிர மனநோய்க்குத் தரும் க்ளோசபின் சாப்பிடுகிறவர்கள் பால் கொடுக்கக்கூடாது. பைபோலாருக்கும் வலிப்புக்கும் தரும் லமோட்ரிஜினைக் கர்ப்பத்தில் கூட்டியிருந்தால் பிரசவத்துக்குப் பின் குறைத்தாக வேண்டும். இது பலருக்கும் மறந்துபோகிறது. அதே நோய்களுக்குத் தரும் வால்ப்ரோயேட் பாலில் குறைவாகத்தான் போகும். ஆனால் மாதவிலக்கு திரும்பும் முன்பே அடுத்த கரு தங்கலாம், அந்தக் கருவுக்கு அது பெரிய கேடு.

பால் சுரக்கத் தரும் மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

டொம்பெரிடோனை மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கிப் போடுகிறார்கள். எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் அது இதயத்துடிப்பைக் குலைக்கலாம். பால் சுரக்கவே தரும் மெட்டோகுளோபிரமைடோ மனச்சோர்வையே உண்டாக்கக்கூடியது. இன்னொன்று: மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் சிலருக்குப் பாலைக் குறைக்கும். பால் குறைந்தால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது

மாத்திரை போட்டபின் வரும் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காமல் கொட்டுகிறார்கள். தினமும் போடும் செர்ட்ராலினுக்கு இது வீண் வேலை.

தூக்கம் வரும் மாத்திரை போட்டுக்கொண்டு குழந்தையை அணைத்துப் படுப்பது

கூடவே கூடாது. குழந்தைக்கு அதே அறையில் தனிப் படுக்கை போடுங்கள். இரவில் எழுப்ப ஒருவர் இருக்கட்டும்.

குழந்தைகள் டாக்டரிடம் மறைப்பது

வெட்கத்தால் மறைக்கிறார்கள், புரிகிறது. ஆனால் குறைமாதக் குழந்தைக்கும் முதல் இரண்டு மாதக் குழந்தைக்கும் மருந்தை வெளியேற்றும் திறன் குறைவு. டாக்டருக்குத் தெரிந்தால்தான் எடையைக் கவனமாகப் பார்ப்பார். எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். அப்போதும் உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.