லீவு முடிந்தும் சிப்பி நாறாமல் இருக்க

தனுஷ்கோடியிலிருந்து ஊர் திரும்பும்போது பிள்ளைகள் கை நிறைய சிப்பியோடுதான் வண்டி ஏறும். இரண்டே நாளில் பை நாறும். சுருளுக்குள் ஒட்டியிருக்கும் சதைதான் காரணம். உள்ளே நண்டுக்கால் தெரிந்தால் அங்கேயே கடலில் விட்டுவிடுங்கள். பவளத்துண்டைத் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மற்றதை நல்ல தண்ணீரில் 2 நாள் ஊறவைத்து (தினமும் தண்ணீர் மாற்றி), 5 நிமிடம் கொதிக்கவிட்டு, வளைத்த ஊசியால் உள்ளே நோண்டி எடுங்கள். சூட்டோடு பச்சைத்தண்ணீரில் போட்டால் விரிசல் விடும்; தானாக ஆறட்டும். வினிகர், எலுமிச்சை கூடாது: சிப்பி என்பதே சுண்ணாம்பு, நுரைத்துக் கரைந்து மினுமினுப்பு போய்விடும்.

நிழலில் காய்ந்ததும் மங்கலாகத் தெரியும். ஒரு சொட்டு பேபி ஆயில் தடவினால் அலையில் நனைந்தபோது பார்த்த நிறம் திரும்பும். தேங்காய் எண்ணெய் என்றால் சிக்கடிக்கும்.