நீராவி இன்ஜினைப் படமெடுக்கப் போகிறீர்களா, முதலில் ஆவியைப் பாருங்கள்

சென்னையில் இருந்துகொண்டு நீராவி இன்ஜினுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நம்ம ஊரிலேயே ஒரு பாட்டி இருக்கிறாள், பெயர் இ.ஐ.ஆர். 21 (இ.ஐ.ஆர். என்றால் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே). 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது, ஃபேரி குயீன் என்ற புகழ்பெற்ற பழைய இன்ஜினின் கூடப்பிறப்பு. பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றவளுக்கு 2010-ல் பெரம்பூர் பட்டறையில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையில்கூட ஓடியிருக்கிறாள். ஆனால் எப்போதாவதுதான் ஓடுவாள், அதனால் அறிவிப்பு வந்த பிறகு கேமராவைக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

பழகுவதற்கு நியூ ஆவடி ரோட்டில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம் போதும். கறுப்பு இரும்பைப் படமெடுப்பது தனி வித்தை. ஃபிரேம் முழுக்கக் கறுப்பு இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக வெளுக்கப் பார்க்கும், வானம் வெந்துபோகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 அளவுக்கு இறக்கிப் பாருங்கள், கொதிகலனின் வளைவில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடுவது அப்போதுதான் தெரியும். போனில் எடுப்பவர்கள் இன்ஜின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சரி.

அப்புறம் ஆவி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் படத்துக்கு உயிர் கொடுப்பது அதிலிருந்து வெளியே வருவதுதான். ஆவி கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்க்கும் வெள்ளைப் புகை குளிர்ந்து திரண்ட நீர்த்துளி. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்குப் போனால் புகைபோக்கிக்கு மேல் ரெண்டடியிலேயே காணாமல் போய்விடும், அதே இன்ஜின் மார்கழிக் காலையில் ஏழு மணிக்கு ஒரு மேகத்தையே இழுத்துக்கொண்டு வரும். கிளம்பும்போது சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற டிரைவர் கீழே உள்ள வால்வுகளைத் திறப்பார், ரெண்டு பக்கமும் வெள்ளையாகச் சீறி ஐந்தாறு நொடியில் சக்கரமே மறைந்துவிடும். அந்தச் சீறல் தொடங்கும் முதல் நொடி உங்களுடையது, அதற்கு விரல் தயாராக இருக்க வேண்டும். விசிலும் அப்படித்தான், தூரத்தில் நின்றால் விசிலின் வெள்ளைக் கீற்று முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும், சத்தம் கேட்டு அழுத்தினால் தாமதம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை உங்களை விட்டு விலகிப் போகும் பக்கமாக நில்லுங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். நுங்கம்பாக்கத்திலிருந்து கிண்டி வரை பாதை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது, அதனால் காலை வெயில் தி.நகர் பக்கத்தில் விழும், மேற்கு மாம்பலம் பக்கம் நின்றால் சக்கரங்கள் நிழலில் இருக்கும். ஆனால் சூரியனுக்கு எதிராக எடுத்தால் புகையின் ஓரம் தங்கமாக மின்னும், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். கூட்டம் எப்படியும் இன்ஜின் நிற்கும் இடத்தில்தான் முண்டும், நீங்கள் நடைமேடையின் கடைசிக்குப் போய்விடுங்கள்.

ஓடும்போது உறைந்த மாதிரி வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/500 நொடி. ஆனால் இ.ஐ.ஆர். 21-க்கு நடுவில் ஆறடி உயரச் சக்கரம் இருக்கிறது, அது சுழல்வது தெரியாவிட்டால் நின்ற இன்ஜின் போலத்தான் இருக்கும். 1/30 வைத்து இன்ஜினோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். இதற்குப் பாட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி மாம்பலத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று வந்துபோகும் எலக்ட்ரிக் ரயில்களில் நூறு தடவை பழகுங்கள்.

கை பழகியதும் நீலகிரி மலை ரயில். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை (நடுவில் உள்ள பல் வைத்த இரும்புப் பட்டையைப் பல்சக்கரம் கவ்வி ஏறும் பாதை) தொடங்கும்போது, மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் அதுவரை சும்மா இருந்த மேல் சிலிண்டர்களும் வேலை செய்ய ஆரம்பிக்கும், 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் அது மூச்சு வாங்குவதை வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், புகை நிறைய, ஆனால் முகம் பெட்டிக்குப் பின்னால். மதியம் இறங்கும்போது இன்ஜின் முன்னால் வரும், ஆனால் உழைப்பு குறைவு, புகையும் குறைவு. அதனால் ஏற்றத்தில் இன்ஜினை ஒட்டிய பெட்டியில் இடம் பிடியுங்கள், ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி நிதானமாக எடுக்கலாம். குன்னூருக்கு மேல் டீசல்தான்.

தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், ஆனால் பயப்பட வேண்டியது அதற்கு அல்ல, பக்கத்துத் தடத்தில் சத்தமே இல்லாமல் வரும் இன்னொரு ரயிலுக்கு. மேம்பாலத்தில் செல்ஃபி ஸ்டிக்கை நீட்டவே கூடாது, கீழே ஓடுவது 25,000 வோல்ட்.

கடைசியாக லென்ஸ். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடி பனித்துவிடும், ஒரு நல்ல காலை எனக்கு அப்படியே போயிருக்கிறது. முந்தின இரவே கேமராவை ஏசி இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். கண்ணாடியில் கரித்தூள் விழுந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், அது மணல் மாதிரி கீறும். ப்ளோயரால் ஊதி, மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் துணி.