திருகோணமலைப் பேச்சை ஒலியனாக்க: நிகழ்தகவு அட்டவணை பயிற்றும் முறை

பதிவான பேச்சைக் கணினி ஒலியன்களின், அதாவது அடிப்படைப் பேச்சொலிகளின், வரிசையாக மாற்ற இரண்டு நிகழ்தகவு அட்டவணைகள் வேண்டும். எழுத்தை நம்பி அவற்றைப் பயிற்றினால் தொடக்கத்திலேயே சறுக்கும். பாலையூற்று, சம்பூர் என்ற இவ்வூர்ப் பெயர்கள் இரண்டிலும் எழுதுவது ஒரே ப. முதலாவதில் தொண்டை அதிராது, இரண்டாவதில் மகரத்தை ஒட்டி வருவதால் அதிரும். உப்புவெளியின் ப்ப அதிராது, ஆனால் உதடு மூடி நிற்கும் நேரம் நீளும். மூன்றுக்கும் தனிக் குறி போட்டு, பதிவில் உள்ளதை வாய் சொன்னபடியே எழுதுங்கள். ககரத்துக்கும் அப்படியே: கல், சங்கு, பகல். பாலையூற்றின் ற்ற இங்கே நுனிநா அழுத்தி விடும் ஒலி. தமிழகத்தில் பலர் அதை ‘ட்ர’ என்று உருட்டுவர், அந்தப் பதிவில் பயின்ற அட்டவணை இங்கே தடுமாறும்.

பதிவு 16 கிலோஹேர்ட்ஸ், மோனோ. வாடைக்காலத்தில் கடற்கரையோரம் வேண்டாம், காற்று மைக்கில் அறையும். 25 மில்லிசெக்கன் துண்டுகளை 10 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 13 எம்.எப்.சி.சி. எண்கள் (ஒலியின் சாயலைச் சுருக்கிச் சொல்பவை) எடுத்து, ஒத்தவற்றை ஒன்றுசேர்க்கும் கே-மீன்ஸ் முறை கொண்டு 256 குழுக்களாக்குங்கள்.

முதல் அட்டவணை, ஒலியனின் தொடக்கம், நடு, முடிவு நிலைகளில் எந்தக் குழு எவ்வளவு வரும் என்பது. 35 ஒலியன், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்றால் 26,880 கட்டங்கள். பத்து நிமிடப் பதிவில் 60,000 துண்டுதான், சராசரியாகக் கட்டத்துக்கு இரண்டு சொச்சம், அரிதாக வரும் ஒலியன்களுக்கு அதுகூடத் தேறாது. ஒரு மணிநேரமாவது வேண்டும்.

இரண்டாவது, ஒரு நிலையில் தங்குவதா நகர்வதா என்பது. மாத்திரைக் கணக்கு இங்கே கைகொடுக்கும். தங்கும் நிகழ்தகவு 0.6 என்றால் நிலைக்குச் சராசரி 2.5 துண்டு, மூன்று நிலைக்கு 75 மில்லிசெக்கன். 0.8 என்றால் 150. குறிலுக்கு முன்னதையும் நெடிலுக்குப் பின்னதையும் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள், பதிவைப் பார்த்து நிகழ்தகவுகளைத் திரும்பத் திரும்பச் செப்பனிடும் பாம்-வெல்ச் வழிமுறை அவற்றைத் திருத்திக்கொள்ளும். ரகரத்துக்கு மட்டும் ஒரு நிலை போதும். நாக்கு ஒருமுறை தட்டி விலகும் ஒலிக்கு மூன்று நிலை கொடுத்தால் அது பக்கத்து உயிரைத் தின்றுவிடும்.

ஒலியன் வரிசையைக் கண்டுபிடிப்பது விட்டர்பி, நிகழ்தகவு மிகக் கூடிய பாதையைத் தேடும் வழிமுறை. நிகழ்தகவுகளைப் பெருக்காமல் மடக்கை எடுத்துக் கூட்டுங்கள். மூன்று செக்கன் பேச்சில் 300 துண்டு. ஒவ்வொன்றும் 0.01 ஆனாலே பெருக்கம் கணினிக்கு அடங்காமல் பூச்சியமாகிவிடும். பயிற்சியில் வராத குழுவின் கட்டமும் பூச்சியமாகவே கிடக்கும், அது ஒன்றே சரியான பாதையை அறுக்கப் போதும். அங்கே 0.00001 போட்டு, நிரையின் கூட்டுத்தொகையை மறுபடி 1 ஆக்குங்கள்.

விடையில் துண்டு துண்டாக மேலதிக ஒலியன்கள் வந்தால் புது ஒலியனுக்குள் நுழைவதற்குத் தண்டப் புள்ளியைக் கூட்டுங்கள், ஒலியன்கள் விழுங்கப்பட்டால் குறையுங்கள். சோதிக்கும் குரல் பயிற்சியில் இல்லாதவருடையதாக இருக்கட்டும். ற்ற, ட்ட குழம்பினால் அட்டவணையில் கைவைக்குமுன் எழுதிவைத்த ஒலியன் வரிசையைப் பதிவோடு சேர்த்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.