கடை போனில் எண்ணும் பெயரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி ஜவுளிக்கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக மாறிய பெரிய வீடு என்று எங்கே போனாலும் மூன்று நான்கு லேண்ட்லைன், உள்ளே சில இன்டர்காம், நடுவில் வெளி லைன்களையும் இன்டர்காமையும் இணைக்கும் ஒரு ஈபிஏபிஎக்ஸ் பெட்டி. பெட்டியை மாட்டும்போது மணி அடிக்கிறதா, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். எதிராளிக்கு எந்த எண் தெரிகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் கைநழுவிப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

உள்ளேயிருந்து ஒருவர் வெளியே பேசும்போது, காலியாக இருக்கும் லைன் எதுவோ அதைப் பெட்டி எடுத்துக்கொள்ளும். போர்டில் எழுதியிருப்பது முதல் லைனின் எண். கோயம்புத்தூரில் வீடு கட்டுபவரின் செல்லில் விழுவது மூன்றாவது லைனின் எண். அரைமணி கழித்து அவர் அதற்கே திரும்ப அடிக்கிறார். அந்த லைனில் பழைய ஃபேக்ஸ் மெஷின் இருந்தால் அவர் காதில் கீச்சென்ற சத்தம்தான் கேட்கும். டைல்ஸ் ஆர்டர் அதோடு போயிற்று. ஒவ்வொரு லைனிலிருந்தும் உங்கள் செல்லுக்கு அடித்து, வந்த எண்ணுக்கே திரும்ப அடித்துப் பாருங்கள். ஆள் எடுக்காத லைனில் வெளி அழைப்பை நிறுத்திவிடுங்கள். பிஆர்ஐ (ஒரே இணைப்பில் பல லைன்), எஸ்ஐபி (SIP, இன்டர்நெட் வழி லைன்) இணைப்பு என்றால் எல்லா அழைப்புக்கும் பைலட் எண்ணையே, அதாவது கடையின் முதன்மை எண்ணையே காட்டச் சொல்லலாம். ஆனால் உங்களுக்கு ஒதுக்காத எண்ணைக் காட்டுவது சட்ட விரோதம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வருகிற அழைப்பில் எண் தெரியவில்லை என்றால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். லைனில் காலர் ஐடி வசதி போட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று எண்ணை அனுப்பும் முறை இரண்டு உண்டு. எக்ஸ்சேஞ்ச் அனுப்புவதும் பெட்டியின் செட்டிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எஃப்எஸ்கே முறையில் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் வரும். முதல் மணியிலேயே ‘வணக்கம்’ சொல்லும் பதிவுக்குரல் லைனை எடுத்துவிட்டால் எண் வராது. இரண்டு மணி விட்டு எடுக்கும்படி மாற்றினால் சரியாகிவிடும்.

நம் பக்கத்துக் கடைகளுக்கு சிங்கப்பூர், மலேசிய அழைப்புகள் நிறைய. 65, 60 என்று தொடங்கும் அந்த எண்ணை மிஸ்டு கால் பட்டியலிலிருந்து அப்படியே அழுத்தினால் போகாது. வெளி லைனுக்கான எண், பிறகு 00, அப்புறம்தான் 65. லைனில் ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு வசதி) திறந்திருக்கவும் வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது.

அப்புறம் பெயர். பெட்டியில் கடைப்பெயரை டைப் செய்து வைத்தால் அது இன்டர்காமில் மட்டும் தெரியும், வெளியே போகாது. அழைப்பவர் பெயரை நெட்வொர்க்கே காட்டும் சிஎன்ஏபி முறையை 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதில் வருவது இணைப்பு விண்ணப்பத்தில் உள்ள பெயர். இங்கே எத்தனையோ கடை லைன்கள் இன்னும் அப்பச்சி பெயரில், ஐயா பெயரில் என்று வீட்டுப் பெரியவர்கள் பெயரில்தான் கிடக்கின்றன. ஜிஎஸ்டியில் பதிந்த வணிகப் பெயரையோ பதிவான டிரேட்மார்க்கையோ காட்ட வணிக இணைப்புகளுக்கு வசதி தர வேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரையில் உண்டு. அதனால் இந்த மாத போன் பில்லையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் வேறு வேறாக இருந்தால் பெயர் மாற்ற விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்.