கிளாஸ் டிசைன் நன்றாக இருக்கிறதா? ஒரு மாற்றத்தைக் கொடுத்துப் பாருங்கள்

ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவில் "டிசைன் சரியில்லை" என்று சொல்வது சுலபம், ஏன் சரியில்லை என்று திருப்பிக் கேட்டால்தான் பலருக்கும் பதில் வருவதில்லை. நான் கிளாஸ் (டேட்டாவையும் அதைக் கையாளும் மெத்தடுகளையும், அதாவது செயல்களையும், சேர்த்து வைத்த கோட்) டயகிராமைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, நிஜமாக வரக்கூடிய ஒரு மாற்றத்தைச் சொல்லி, இதற்கு எத்தனை ஃபைலைத் தொட வேண்டும் என்று கேட்பேன். அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பில்லிங் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பில் கிளாஸில் ஒரு 0.18, அச்சடிக்கும் கிளாஸில் ஒரு 0.18, மாத அறிக்கையில் இன்னொன்று என்று சிதறிக் கிடந்தால் ஒன்றை விட்டுவிடுவீர்கள், கூட்டுத்தொகை உதைக்கும். சரி, பொருள் கிளாஸில் வரி என்று ஒரே ஒரு ஃபீல்டு வைத்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை 5 என்று மாற்றியதும் செப்டம்பர் 20-இல் போட்ட பில்லை மறுபடி அச்சடித்தால் என்ன வரும்? 18 வர வேண்டிய இடத்தில் 5 வரும். ஏனென்றால் விகிதம் பொருளை மட்டும் பொறுத்ததல்ல, தேதியையும் பொறுத்தது, அந்த உண்மைக்கு உங்கள் டிசைனில் இடமே இல்லை.

அதனால் பொருளையும் தேதியையும் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் ஒரு கிளாஸை வையுங்கள், பில் போட்ட நேரத்தில் எந்த விகிதம் போட்டோமோ அதைப் பில்லில் அந்தப் பொருளின் வரிசையிலேயே சேமித்துவிடுங்கள். விகிதம் டேட்டாபேஸிலிருந்து வருகிறதா, ஃபைலிலிருந்து வருகிறதா என்பது வேறு எந்தக் கிளாஸுக்கும் தெரிய வேண்டாம். மென்பொருள் ஆராய்ச்சியாளர் டேவிட் பார்னாஸ் 1972-இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வை. இத்தனை வருடம் கழித்தும் இதைவிடப் பயனுள்ள அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

மாற்றம் எங்கிருந்து வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. கோடின் மாற்ற வரலாற்றைச் சொல்லும் கிட் லாக்கைத் திறந்து, எந்த இரண்டு ஃபைல்கள் திரும்பத் திரும்ப ஒரே காமிட்டில் (சேர்த்துப் பதிந்த ஒரு மாற்றத்தில்) வருகின்றன என்று பாருங்கள். ஒன்றையொன்று கூப்பிடாமலேயே சேர்ந்து மாறிக்கொண்டிருந்தால் ஒரே விஷயத்தை இரண்டும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கின்றன என்று அர்த்தம். கப்ளிங் என்கிற இந்தப் பிணைப்பு, ஒரு ஃபைல் இன்னொன்றை அழைத்துக்கொள்ளும் இம்போர்ட் ஸ்டேட்மெண்டுகளில் மட்டும் இருப்பதில்லை.

அப்புறம் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து அதன் மெத்தடுகளை இன்னொரு கிளாஸ் வாரிசாகப் பெறுவது. நாலு மெத்தட் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எக்ஸ்டெண்ட் செய்பவர்கள் ஜாவாவின் ஸ்டாக் கிளாஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் வாரிசு. ஸ்டாக் என்றால் மேலே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டும், ஆனால் வெக்டரிடமிருந்து வந்த மெத்தடுகளால் நடுவில் செருகலாம், நடுவிலிருந்து உருவலாம், எந்தத் தடையும் இல்லை. அதை நம்பி உலகம் முழுக்கக் கோட் எழுதிவிட்டதால் இன்றைக்கும் திருத்த முடியவில்லை, அதற்குப் பதிலாக டெக் (Deque) இன்டர்ஃபேஸைப் (என்னென்ன மெத்தட் வேண்டும் என்று மட்டும் சொல்லும் வரையறை) பயன்படுத்துங்கள் என்று ஜாவா ஆவணமே சொல்கிறது. எனவே எக்ஸ்டெண்ட் என்று அடிப்பதற்கு முன் தாய் கிளாஸின் எல்லா மெத்தடையும் வரிசையாகப் படியுங்கள். ஒன்றாவது உங்கள் கிளாஸில் அபத்தமாகத் தெரிந்தால் தாய் கிளாஸை உள்ளே ஒரு ஃபீல்டாக வைத்துக்கொண்டு தேவையான மெத்தடை மட்டும் வெளியே காட்டுங்கள்.

டெஸ்ட் எழுதிப் பார்ப்பதும் நல்ல சோதனை. தள்ளுபடியைக் கணக்கிடும் கிளாஸுக்கு டெஸ்ட் எழுத டேட்டாபேஸும் இமெயில் சர்வரும் வேண்டியிருந்தால், கணக்கு வேறு எதனுடனோ பின்னிக் கிடக்கிறது. மாக் (நிஜத்துக்குப் பதில் வைக்கும் போலி) போட்டு அதை மூடி மறைக்காதீர்கள், கணக்கை வெளியே இழுங்கள்.

எண்களாலும் அளக்கலாம். ஆராய்ச்சியாளர்களான சிதம்பரும் கெமரரும் 1994-இல் ஆறு அளவைகளைக் கொடுத்தார்கள், ஒரு கிளாஸ் எத்தனை கிளாஸ்களோடு பிணைந்திருக்கிறது, அதன் மெத்தடுகளுக்குள் ஒட்டு உறவு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். பெரிய கோடில் எந்தக் கிளாஸை முதலில் திறந்து படிப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே நான் அவற்றைப் பார்ப்பேன்.

இதற்காக எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே இன்டர்ஃபேஸ் போட்டு வைக்காதீர்கள், வராத மாற்றத்துக்குக் கட்டிய பாலத்தையும் நீங்கள்தான் பராமரிக்க வேண்டும். மாற்றம் வரும் நாளில் அதை இரண்டு காமிட்டாகப் பிரியுங்கள். முதல் காமிட்டில் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேருங்கள், ஒரு டெஸ்டின் விடைகூட மாறக்கூடாது. இரண்டாவதில் விகிதத்தை மாற்றுங்கள். அது கோடின் சில வரிகளில் முடியவில்லை என்றால் முதல் காமிட்டுக்கே திரும்பிப் போங்கள், இன்னும் எதையோ சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.